கொள்கையும் களமும்: மன்னார்க் கரையின் அரச கட்டுமான வரலாறு

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, அரிப்பு என்னும் ஊருக்கு அண்மையில், கடலை நோக்கிய மேட்டு நிலத்தில் இடிந்த மாளிகையொன்றின் சுவர்கள் நிற்கின்றன. பிரித்தானிய இலங்கையின் முதலாவது தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த் 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில் இதனைக் கட்டுவித்தார். முத்துக்குளிப்புக் காலத்தில் தேசாதிபதி தங்குவதற்கும், அரசுக்குப் பெரு வருவாய் ஈட்டித் தந்த அத்தொழிலை மேற்பார்வை செய்வதற்குமாக எழுந்த இல்லம் இது. செங்கல்லால் எழுப்பிய சுவர்களுக்கு முத்துச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே சாந்தாயிற்று. கிரேக்கக் கட்டடப் பாணியொன்றின் பெயரால் ஆங்கிலேயர் இதனை ‘டொரிக்’ என்றனர். அயலூர் மக்களோ ‘அல்லிராணிக் கோட்டை’ என வழங்குவர். கட்டியவன் பெயரை மறந்து கதையிலே கேட்ட அரசியின் பெயரை மக்கள் அதற்குச் சூட்டினர். கடலரிப்பினால் அம்மாளிகை சிறிது சிறிதாகச் சரிந்து வருகின்றது.

ஒரே கட்டடத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் மக்கள் வழக்கில் மற்றொரு பெயரும் நிலைத்தமை, மன்னார்ப் பகுதியின் கட்டுமான வரலாறு முழுவதற்கும் முகவுரை போன்றது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இத்தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் அரசுகள் குளம், புகையிரதப் பாதை, இறங்குதுறை, பாலம், வீடு எனப் பலவற்றைக் கட்டியுள்ளன. அவற்றுட் சில நிலைத்தன. சில தமக்கென விதித்த நோக்கம் முடிந்ததும் பயனிழந்தன. சில தாளிலேயே நின்றுவிட்டன. இவ்வேறுபாட்டுக்குப் பணமும் பொறியியலும் மட்டும் காரணமல்ல. கொள்கை வகுக்கப்படும் இடத்துக்கும் அது செயலாகும் இடத்துக்கும் நடுவே, நிலத்தை அறிந்தவர்க்கும் அதிலே வாழ்பவர்க்கும் எவ்வளவு இடம் அளிக்கப்பட்டது என்பதே பெரிதும் விளைவைத் தீர்மானித்துள்ளது. வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றைக்கொண்டு இவ்வுண்மையை நோக்குதல் தகும்.

முதலில் நிலத்தின் இயல்பு அறியப்படல் வேண்டும். மன்னார்த் தீவு மணல் செறிந்த தாழ்ந்த நிலம். அதன் கிணறுகளில் ஊறும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையேயாகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர் மேலேறும். ஆண்டு மழையிற் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களிலே பொழிந்து முடிந்துவிடும். எதிரேயுள்ள பெருநிலமோ, கடலை நோக்கி மெல்லச் சரியும் தட்டையான சமவெளி. அநுராதபுரப் பக்கத்திலிருந்து வரும் அருவியாறு இதனூடாகப் பாய்ந்து அரிப்புக்கு அருகே கடலை அடைகின்றது. உப்பும் மணலும் காற்றும் தட்டை நிலமும் ஆகிய இந்நான்கையும் கணக்கில் எடாத எந்தத் திட்டமும் இங்கு நெடிது நிலைத்ததில்லை.

இப்பெருநிலத்தின் தலையாய கட்டுமானம் கட்டுக்கரைக்குளமாகும். சிங்களத்தில் யோத வெவ எனவும், ஆங்கிலத்தில் அதன் பொருள்படும் பெயராலும் இது அறியப்படும். ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனனோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் உளர். பின்னர் பராக்கிரமபாகு காலத்தில் திருத்தப்பட்டதென்பாரும் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் 2016ஆம், 2017ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் நடைபெற்ற அகழாய்வில் சுடுமண் உருவங்கள் உள்ளிட்ட தொன்மையான குடியிருப்புச் சான்றுகள் வெளிப்பட்டன. குளத்தைச் சூழ்ந்த வாழ்வு மிகப் பழையது என்பதற்கு அவை சான்றாகும்.

ஐரோப்பியர் வந்தபோது குளம் உடைந்து கிடந்தது. அதன் படுகையிலேயே குடிகள் அமர்ந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இதனை மீட்டெடுக்க எண்ணியதுண்டு, ஆயினும் நிறைவேறவில்லை. பிரித்தானியர் காலத்தில் ஒரு விந்தையான கருத்துப் பரவிற்று. குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில், இக்குளம் மட்டக்கணிப்பில் நேர்ந்த பிழையினாற் பயன்படாது போன வீண் முயற்சி எனும் கருத்தை முன்வைத்தார். ஆற்றிலிருந்து கொண்டுவரப்படும் நீர் குளத்தை அடையாது திரும்பிவிடும் என்பது இதன் சாரம். பண்டையோர் பெருந்தொகையான உழைப்பைக் கொட்டினர். ஆனால் அவர்களுக்கு மட்டம் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை என்ற முடிவு அந்நூலின் செல்வாக்கினால் நெடுங்காலம் நிலைபெற்றது.

இம்முடிவு தோன்றியமைக்குக் காரணம் நிலத்தின் தட்டையான தன்மையேயாம். மைலுக்குச் சில அடி மட்டுமே தாழும் சமவெளியில் கண்ணளவு மனிதனை எளிதில் ஏமாற்றும். மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி பார்க்கர் முதலிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் காட்டினூடே முறையாக மட்டம் எடுத்து ஆராய்ந்தபோது, பிழைத்தோர் பண்டையோரல்லர் என்பது புலனாயிற்று. அருவியாற்றை மறித்து நீரைத் திருப்புவதற்குத் தக்க இடத்தைத் தேடியபோதும் பழைய கல்லணை நின்ற இடமே பொருத்தமானதெனக் கண்டனர். அவ்விடத்தை மக்கள் தலைமுறை தலைமுறையாகத் ‘தேக்கம்’ என்றே அழைத்து வந்தனர். பெயரிலேயே விடை இருந்தது, கேட்பார்தாம் இல்லை.

இம்மீட்பு வேலை தனியொரு பொறியியலாளரின் ஊக்கத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. கொள்கை மாற்றமொன்றின் விளைவுமாகும். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையையொட்டி இராசகாரிய முறை 1832ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தமை நன்றே. ஆனால் குளங்களையும் வாய்க்கால்களையும் கூட்டாகப் பேணிவந்த ஏற்பாடும் அதனோடு சேர்ந்து தளர்ந்தது. இக்குறையை உணர்ந்த தேசாதிபதி ஹென்றி வார்ட், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தால் கிராமத்தார் தம் பழைய வழக்கங்களைத் தாமே கூடித் தீர்மானித்துச் செயற்படுத்த வழிவகுத்தார். அரசு புதிய விதியொன்றை வகுத்துத் திணிக்காது, வழக்கிலிருந்த முறையைக் கேட்டறிந்து அதற்குச் சட்ட வலு அளித்தமை இதன் சிறப்பு. பின்வந்த தேசாதிபதிகள் பெருங்குளங்களைத் திருத்தும் பணிக்குப் பணம் ஒதுக்கினர். 1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக நிறுவப்பட்டது. கட்டுக்கரைக்குளத்தின் மீட்பும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்ததாகும்.

குளத்தைக் கட்டுதல் ஒன்று. நீரைப் பங்கிடுதல் மற்றொன்று. கட்டுக்கரையின் நீர் நேரே வயலுக்கு மட்டும் செல்வதில்லை. வாய்க்கால் வழியே நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்பி, அவற்றினூடாகவும் வயல்களை அடைகின்றது. எனவே மேற்குளத்தான் கதவை எப்போது திறப்பது, கீழ்க்குளத்தான் எத்தனை நாள் பொறுப்பது என்பன பொறியியல் வினாக்களல்ல; ஊர் வினாக்கள். வட்டவிதானையும், 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்துக்குப் பின்னர் பயிர்ச்செய்கைக் குழுக்களும், அவற்றையடுத்துக் கமநல அமைப்புகளும் இவ்வினாக்களைத் தீர்த்துவந்தன. காலபோகத்துக்கு முன் உழவரும் அதிகாரிகளும் கூடி விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் முடிவுசெய்யும் கூட்டம் இன்றும் நடைபெறுகின்றது. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இக்குளத்தாற் பயன்பெறுவது அணையின் வலிமையினால் மட்டுமன்று, அக்கூட்டத்தின் வலிமையினாலும் ஆகும்.

இதற்கு மறுதலையான வரலாறு தலைமன்னார்ப் புகையிரதப் பாதையுடையது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையான பாதையும், இரு கரைகளையும் இணைத்த கப்பற் சேவையும் ஒருங்கே தொடங்கின. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 22 மைல் கடல். மற்றெல்லாம் இருப்புப் பாதை. சென்னையில் ஏறும் பயணி ஒரே பயணச்சீட்டில் கொழும்பை அடையலாயிற்று. அதற்கு முன் தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். அவ்வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். தொழிலாளரைத் தடையின்றித் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லுதல் புதிய பாதையின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அந்நோக்கத்தை அது நன்கு நிறைவேற்றிற்று என்பதில் ஐயமில்லை.

ஆயின் அப்பாதை மன்னாரைக் கடந்து செல்வதற்காக அமைந்ததேயன்றி, மன்னாருக்காக அமைந்ததன்று. கடந்து செல்வோர் உள்ளவரை துறை செழித்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், அரை நூற்றாண்டுக்கு முன் மலைநாட்டுக்கு ஆள் கொணர்ந்த அதே இறங்குதுறை, மலைநாட்டிலிருந்து ஆள் அனுப்பும் துறையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலே வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பற் சேவை இராமேசுவரத்துக்கு மாறி, 1980களின் நடுப்பகுதியோடு நின்றுபோயிற்று. அயலிலே வாழ்வோரின் அன்றாடத் தேவையோடு பிணைக்கப்படாத துறை, அரசுகளின் தேவை மாறியதும் தனித்து நின்றது.

இப்பாதையால் உள்ளூர் வளமொன்றும் பயன்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. சுதந்திரத்தின் பின் 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்கு வேண்டிய சுண்ணக்கல் அவ்விடத்திலேயே கிடைத்தது; களிமண்ணோ மன்னார்ப் பெருநிலத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. வடபுலத்தில் எழுந்த வீடுகள் பலவற்றின் சீமெந்திலே மன்னார் மண்ணும் கலந்திருந்தது. 1990ஆம் ஆண்டில் போர் காரணமாக அத்தொழிற்சாலை ஓய்ந்தது, அதே ஆண்டில் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது, புகையிரதமும் நின்றது.

அரச வீடமைப்புக் கொள்கையில் ஒரு பெருந்திருப்பம் நேர்ந்த காலமும் ஏறக்குறைய இதுவே. 1978ஆம் ஆண்டில் ரணசிங்க பிரேமதாசாவின் பொறுப்பில் நூறாயிரம் வீடுகள் திட்டம் தொடங்கிற்று. ஒப்பந்தகாரர் மூலம் அரசே கட்டிக்கொடுத்த வீடுகளுக்குச் செலவு மிகுந்தது. குடிகள் தம் உழைப்பைச் சேர்த்துக் கட்டியவை குறைந்த செலவில் முடிந்தன. இப்பட்டறிவின்மீதே 1984ஆம் ஆண்டில் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் அமைந்தது. அரசு வீடு கட்டுவதை விடுத்து, கட்டுவோருக்குச் சிறு கடனும் ஆலோசனையும் அளிப்பதாயிற்று. 1976ஆம் ஆண்டில் வான்கூவரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாட்டிலும் பிறவிடங்களிலும் இதே சிந்தனை வலுப்பெற்றிருந்தது. இலங்கையின் முன்மொழிவை ஏற்று 1987ஆம் ஆண்டு வீடற்றோர்க்கான அனைத்துலக ஆண்டாக அறிவிக்கப்பட்டது. வளரும் நாடொன்று உலகுக்கு வழிகாட்டிய அருமையான சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. எனினும் அத்திட்டம் தென்னிலங்கையில் உச்சமடைந்த ஆண்டுகளிலே வடபுலம் போரில் ஆழ்ந்திருந்தது. மக்களே தம் வீட்டைக் கட்டுவோர் என்ற கொள்கை மன்னாரை முழு அளவில் அடைவதற்கு மேலும் கால் நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் கட்டுமானம் விரைந்தது. யப்பானின் உதவியோடு அமைந்த புதிய பாலம் 2010ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதி வழியே தீவு மீண்டும் பெருநிலத்தோடு இணைந்தது. இந்திய உதவியுடன் புகையிரதம் 2013ஆம் ஆண்டில் மடு வீதி வரையும், 2015ஆம் ஆண்டு மார்ச்சில் தலைமன்னார் வரையும் ஓடத் தொடங்கிற்று. இவற்றைச் செயலாக்குதல் ஒப்பீட்டளவில் எளிது: ஒரு வரைபடம், ஓர் ஒப்பந்தம், ஒரு முடிவு நாள். வீடு அத்தகையதன்று. ஆயிரம் வீடு என்பது ஆயிரம் குடும்பம், ஆயிரம் காணி, ஆயிரம் கணக்கு.

2010ஆம் ஆண்டில் இந்தியா 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. முதற்கட்டமான 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர் வடமாகாணத்தில் கட்டினர். அடுத்து 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய பெருங்கட்டம் வேறுமுறையை மேற்கொண்டது. குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா நன்கொடை, வேலை முன்னேறுவதற்கேற்பத் தவணை முறையில் நேரே வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் முடிந்தபின் ஒரு தவணை, சுவர் எழுந்தபின் ஒரு தவணை என்றவாறு பணம் விடுவிக்கப்பட்டது. வீட்டின் பரப்பு 550 சதுர அடியாதல் வேண்டும். மேசனைத் தேடுவது, கல் அரிவது, மணல் ஏற்றுவது, தீராந்தியும் சலாகையும் வாங்குவது ஆகிய அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பாயின.

இம்முறையின் பயன் வெளிப்படையானது. குடும்பம் தன் தேவைக்கேற்பச் சாமி அறையையோ வெளிக்குசினியையோ வைத்துக்கொண்டது. கல்லின் தரத்தையும் சாந்தின் கலவையையும் தானே நின்று பார்த்தது. தீவின் கடற்கரை மணலில் உப்புண்டு. அது கம்பியை அரிக்கும் என்பதை அங்கு பிறந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் இடர்களும் இருந்தன. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழவே மணலும் கல்லும் விலையேறின; மேசன்மாரின் கூலி உயர்ந்தது. மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. தவணை வரும்வரை வேலையை நிறுத்த இயலாத குடும்பங்கள் நகையை அடகுவைத்தும் வட்டிக்கு வாங்கியும் கட்டின. கணவனை இழந்து தனித்து நின்ற பெண்களுக்கு இச்சுமை இரட்டித்தது. உரிமையாளரிடம் பொறுப்பைக் கொடுப்பது ஒன்று. அப்பொறுப்பைத் தாங்கும் வலுவையும் சேர்த்துக் கொடுப்பது மற்றொன்று. கொள்கை முதலாவதைச் செய்தது. இரண்டாவதை அரைகுறையாகவே செய்தது.

அனைத்துக்கும் முந்தியது காணி. வீட்டு நன்கொடை பெற உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மன்னார்த் தீவையும் முசலிப் பகுதியையும் சேர்ந்தோர் பெருந்தொகையினர். இருபது ஆண்டுகள் புத்தளத்தில் வாழ்ந்து அவர்கள் மீண்டபோது, ஒரு குடும்பம் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தது. பத்திரமோ பாட்டனார் பெயரில் இருந்தது. இந்தியாவுக்குப் படகேறிய தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதற்குப் பெரிதும் வேறானதன்று. 2007ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த முள்ளிக்குளத்து மக்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்திருந்தது. 2017ஆம் ஆண்டு போராட்டத்தின் பின்னரே காணியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. நிலம் தீராத இடத்தில் வீட்டுக் கொள்கை எத்துணைச் சிறந்ததாயினும் அது அத்திவாரம் அற்ற சுவரேயாகும்.

இவ்வளவு பட்டறிவும் திரண்டிருந்த நிலையில், 2015ஆம் ஆண்டளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை வழங்கும் முன்மொழிவு எழுந்தது. ஆலையிற் செய்த பகுதிகளைக் கொணர்ந்து பொருத்தும் இவ்வீடொன்றின் செலவு இருபது இலட்சம் ரூபாவைத் தாண்டுவதாயிருந்தது. வட மாகாண சபையும் பாராளுமன்ற உறுப்பினர் சிலரும் கல்விமான்களும் இதனை எதிர்த்தனர். அதே பணத்தில் இருமடங்கு கல் வீடுகளைக் கட்டலாம். வெப்பமும் உப்புக்காற்றும் மிகுந்த நிலத்துக்கு இவை ஒவ்வா. பழுதுபட்டால் ஊர் மேசனாலும் தச்சனாலும் திருத்த இயலாது. கூலியாக ஊருக்குள் சுழலவேண்டிய பணம் வெளிநாடு செல்லும் என்பன அவர்தம் வாதங்கள். அத்திட்டம் முன்மொழிந்தவாறு நிறைவேறவில்லை. அரசின் கவனம் மீண்டும் கல் வீட்டின்பால் திரும்பிற்று. 1984ஆம் ஆண்டில் இந்நாடே உலகுக்குக் கற்பித்த பாடத்தை 2016ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்களே தம் அரசுக்கு நினைவூட்டவேண்டியதாயிற்று.

அண்மைக் காலத்தில் இதே வினா காற்றாலை வடிவில் எழுந்துள்ளது. இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தீவின் தென்கரையில் அமைத்த 30 காற்றாலைகள் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. நாட்டுக்கு மின்சாரம் தேவை. காற்றுக்கு எரிபொருள் வேண்டா. ஆகவே கொள்கையளவில் இது சிறந்ததே. ஆயின் கோபுரங்களுக்கு அமைத்த மேட்டுப் பாதைகளால் மழைநீர் கடலுக்கு வடியும் வழி அடைபட்டதெனவும், வலசைப் பறவைகளுக்கும் கரைவலைத் தொழிலுக்கும் கேடு நேர்கின்றதெனவும் தீவு மக்கள் முறையிட்டனர். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்திய நிறுவனமொன்று மன்னாரையும் பூநகரியையும் உள்ளடக்கிய தன் பெருந்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அவ்வாண்டிலேயே மேலும் காற்றாலைகள் நிறுவப்படுவதை எதிர்த்துத் தீவு மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். மக்கள் காற்றாலையின் அறிவியலை மறுத்தாரல்லர். தம் நிலத்தில் நீர் எவ்வழி ஓடும் என்பதைத் தம்மிடம் கேளாமையையே மறுத்தனர்.

தெனன்ற் காலத்தில் எழுந்த தவறும் இதுவேயன்றோ. அன்று அறிஞர் ஒருவர், நீர் எவ்வழி ஓடும் என்பதைத் தாம் அறிவதாகவும் அணை கட்டியோர் அறியாதிருந்ததாகவும் எழுதினார். ‘தேக்கம்’ என்ற ஊர்ப் பெயர் அவருக்கு விடையாகத் தோன்றவில்லை. மட்டக்கருவியோடு காட்டுக்குள் சென்ற பொறியியலாளரோ தம் கருவியைப் பழையோரின் அறிவுக்கு எதிராக நிறுத்தாது, அதனைச் சோதித்து ஏற்கும் துணையாகக் கொண்டனர். ஆகவே அறிவியலுக்கும் ஊரறிவுக்கும் இயல்பிலே பகை இல்லை. கேளாமையே பகை.

வளரும் நாடுகளிலே கட்டுமானக் கொள்கை பெரும்பாலும் தலைநகரிலே, கடன் வழங்குவோரின் காலக்கெடுவுக்குள், எண்ணிக்கைகளாக வகுக்கப்படுகின்றது. எண்ணிக்கை வேண்டாமென்பதில்லை, அது இன்றி ஒதுக்கீடு இல்லை. ஆனால் அதனைக் களத்திலே பொருளாக்குவோர் அரசாங்க அதிபரும் கிராம அலுவலரும் மேசனும் உழவரும் மீனவருமே. இவர்கள் வாய்திறக்கும் இடம் திட்டத்தின் இறுதியில், முறைப்பாட்டுப் பெட்டியாக வைக்கப்படின் பயனில்லை. வரைபடம் வரையும் முன்னரே அது வைக்கப்படல் வேண்டும். காலபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் அதற்கு மன்னாரிலேயே உள்ள முன்மாதிரி. நீரைத் திறக்குமுன் வயற்காரனைக் கேட்கும் அவ்வழக்கம், பாதை அமைக்குமுன்னும் வீட்டுத் திட்டம் வகுக்குமுன்னும் கோபுரம் நடுமுன்னும் பின்பற்றப்படுமாயின், இக்கரையிலே எழுவன கட்டியவனுக்கும் வாழ்பவனுக்கும் ஒரே பெயரால் வழங்கும் கட்டுமானங்களாகும்.